விளக்கெல்லாம் போட்ட அறை

வீடு காட்டப் போகும்போது அப்பா நேர்வழியில் போக மாட்டார். சாக்கடை வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு, மரங்கள் இருக்கும் தெருவழியாகத்தான் ஆளை அழைத்துப் போவார். கூடுதல் தூரத்தைப் பேச்சில் கரைத்துவிடுவார். அன்று அக்கா ஊர் ஸ்டேஷனிலிருந்து ஏறிய டாக்சியையும் அப்படித்தான் ஓட்டச் சொன்னார்.

"இடது பக்கம் போங்க. நேரா வேண்டாம்."

"அது சுத்துங்க," என்றார் டாக்சிக்காரர்.

"சுத்தட்டும்."

எனக்கு ஊரைக் காட்டுகிறாராம்.

அப்பா வீட்டுத் தரகர். இடுப்பில் எப்போதும் ஒரு வளையம் நிறைய சாவிகள் தொங்கும். அதனால் வெளியில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். அக்காவும் நானும் அவரிடம் சம்பளமில்லாத வேலைக்காரிகளாக இருந்தோம். பள்ளி விடுமுறைகளில் ஆளுக்கொரு வேலை. அக்கா முன்னாலேயே போய்க் குழாய்களைத் திறந்துவிடுவாள். துருத் தண்ணீர் போனதும் மூடிவிட்டு எல்லா அறைகளிலும் விளக்குகளைப் போடுவாள். பட்டப்பகலிலும் போடவேண்டும். என் வேலை, ஓதம் ஏறி ஈரம் பூத்த சுவருக்கு முன்னால் நிற்பது. பூப்போட்ட கவுன், இரட்டைப் பின்னல். குழந்தையை நகரச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அதில் எனக்குப் பெருமை வேறு. இரண்டு பல் விழுந்த வாயால் சிரிப்பேன்.

ஆள் போனபின் அப்பா பாடம் நடத்துவார். குறை சொல்கிறவன் வாங்குவான். புகழ்ந்துவிட்டு "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறவன் திரும்பி வரமாட்டான். அவனிடம் அதற்குமேல் பேசுவது வாய்க்குக் கேடு. "சரிங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்க வேண்டியதுதான்.

இத்தனையும் சொல்லிக் கொடுத்த மகளிடமே அவர் ஒரு நகரத்தை விற்கப் பார்த்தார்.

எனக்கு இரண்டு ஊர்களில் இடம் கிடைத்திருந்தது. இரண்டிலும் நிலவியல். ஒன்று அக்கா இருக்கும் ஊர். பெரிய ஊர். மற்றது மலையடிவாரத்தில், ரயில் போய் நிற்கும் கடைசி ஊர். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் படங்களைப் பார்த்தேன். விடுதி அறை ஒன்றையும் காட்டியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்தால் அறை அவ்வளவு நீளமாகத் தெரியாது, கதவுக்கு வெளியே போய் எடுத்திருக்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள். நம் ஆட்கள்தான்.

பிறகு விடுதிக்குப் போன் செய்தேன். வார்டன் அம்மாள் எடுத்தார்.

"ரூம் எப்படி இருக்கும் மேடம்?"

"சின்னது. வெயில் வராது. துணி காயாது. தண்ணி பத்தாது, ஆளுக்கு ஒரு வாளி. சாப்பாடு நல்லா இருக்காது."

"வேற?"

"வேற என்ன? வர்றதுன்னா வா."

அப்படி ஒரு பேச்சை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. அந்த நிமிடமே அந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். ஆனால் வார்டன் போனை வைப்பதற்குமுன் இன்னொன்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பா பேசவேண்டும். பிள்ளைகள் பேச்சுக்கு இடம் கிடையாது. பேசாவிட்டால் அறை வேறு ஆளுக்கு. விடுதி இல்லாமல் அந்த ஊரில் தங்க வேறு இடமில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "பேசலாம் பேசலாம்," என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை அக்கா ஊரையும் பார்த்துடு."

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அழைத்து வந்தார்.

ஞாயிறு காலையில் எந்த ஊரும் யோக்கியமாகத்தான் இருக்கும். புகை இல்லை, ஹாரன் இல்லை. கடைகளின் இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. "எவ்வளவு அமைதி பாரு," என்றார் அப்பா. பிணவறையும் அமைதியாகத்தான் இருக்கும்.

பல்கலைக்கழக வாசலில் அக்காவின் கணவர் காத்திருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். டைல்ஸ், கிரானைட் விற்கும் பெரிய கடை ஒன்றில் மேற்பார்வை. எந்தத் தரையில் நின்றாலும் செருப்பு நுனியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்.

"வாம்மா வாத்தியாரம்மா," என்றார். "மரத்தைப் பாரு. இந்த ஊர்ல இப்படி மரம் வேற எங்கயும் கிடையாது."

"நான் கல்லு படிக்கப் போறேன் மாமா."

"கல்லு எல்லா ஊர்லயும் கல்லுதானே? எங்க கடையில இல்லாத கல்லா? முடிச்சுட்டு நம்ம கடைக்கே வந்துடு."

அப்பா சிரித்தார். வாடிக்கையாளர் வீட்டு நாய் குரைத்தால் சிரிக்கும் அதே சிரிப்பு.

காவலாளி மாமாவுக்குப் பழக்கம். துறைக் கட்டடம் வரை விட்டார். ஆய்வகக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. பின்னால் கண்ணாடி அலமாரியில் கற்கள், தூசி படிந்து எல்லாம் ஒரே நிறம். மாமா சொன்னதும் சரிதான். இங்கே எல்லாம் ஒரே கல்.

"பெயிண்ட் அடிக்கிறாங்க போல. அதான் சாமானை எல்லாம் ஒதுக்கி வச்சிருக்காங்க," என்றார் அப்பா. சுவரில் பெயிண்ட் அடித்துப் பல காலம் ஆகியிருந்தது.

"முக்கியமான விஷயம் ஒண்ணு," என்றார் மாமா. "விசாரிச்சுட்டேன். இங்க காலைல மட்டும்தான் கிளாஸ். மத்தியானத்தோட முடிஞ்சது. அப்புறம் நீ ஃப்ரீ."

"நான் எதுக்கு ஃப்ரீயா இருக்கணும்?"

"படிக்கத்தான்," என்றார். அப்பா அவரைப் பார்த்தார். மாமா தரையைத் தட்டினார்.

அக்காவின் வீடு அடுக்குமாடியின் கடைசி மாடியில். கீழே லிஃப்ட் கதவில் "பழுது" என்று ஓர் அட்டை தொங்கியது. எழுத்து மாமாவுடையது. அவருடைய டைல்ஸ் பெட்டிகளின்மேல் அதே எழுத்தைப் பார்த்திருக்கிறேன். படியேறினேன். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. விற்பனைக்காக அவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறுவார்.

அக்கா கதவைத் திறந்தாள். எல்லா விளக்கும் எரிந்தது. டிவியில் பாட்டு.

"வாடி. இளைச்சுட்டே."

"நீதான் வெயிட் போட்டிருக்கே."

"ஆமாமா, உட்கார்ந்தே வேலை," என்றாள். அவளும் அப்பாவைப் பார்த்தாள். அன்று எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள். ஒத்திகை பார்த்த நாடகத்தில் வசனம் மறந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"உன் ரூமைப் பார்க்கலாம் வா," என்றார் அப்பா. சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். அந்த வீட்டுச் சாவி அதில் இல்லை. கை சும்மா இருக்காது.

சின்ன அறை. திரைச்சீலையில் பாக்கெட் மடிப்பு இன்னும் கலையவில்லை. அறை முழுக்க ரூம் ஸ்பிரே வாசனை, மூக்கை அடைத்தது. கட்டிலைச் சுவரோரம் தள்ளிக் குறுக்காகப் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் நடுவில் இடம் தெரியும். அறையைக் காட்டுகிற ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்தேன். அப்பா வாசற்படியில், கட்டிலின் தலைமாட்டை மறைக்காமல். சரியான இடம்.

அக்கா அலமாரியில் சாய்ந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"காத்து பாரு, எப்படி வருது," என்றார் அப்பா.

ஃபேனிலிருந்து வந்தது.

"நல்ல வெளிச்சம் வேற."

"லைட்டை அணைச்சா?"

அவர் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே ஏதோ உறுமியது. சுவர் நடுங்கியது. கட்டில் காலொன்று தரையில் தாளம் போட்டது. லிஃப்டின் மோட்டார் அறை அந்த அறைக்கு நேர்மேலே இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அட்டையைக் கழற்றிவிட்டு லிஃப்டில் ஏறியிருக்கவேண்டும்.

மாமா ஹாலுக்கு ஓடினார். டிவி சத்தம் கூடியது.

"என்ன மாமா, பழுதுன்னு போட்டிருந்துச்சு?"

"சரியாயிடுச்சு போல," என்று அங்கிருந்தே கத்தினார். "நம்ம ஆளுங்க வேகமா வேலை செய்வாங்க!"

இதைச் செய்து பிழைத்தவர் அப்பா. சுவர் நடுங்கும் வீட்டை எல்லாம் விற்றிருக்கிறார். ஆனால் அந்த வீடுகளில் யாரோ குடியிருந்தார்கள். இதில் நான் இருக்கவேண்டும். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையைத் திறக்கவில்லை.

அக்கா அலமாரியைவிட்டு நகரவே இல்லை. மோட்டார் நின்றது. டிவியில் ஒருத்தி உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். என் அக்கா என் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நகரு."

"எதுக்குடி?"

"ஓதமா?"

"சீ, அதெல்லாம் இல்ல."

"அப்ப நகரு."

"பெரியவங்ககிட்டப் பேசுற பேச்சா இது?" என்றார் அப்பா. அவர் குரலில் தரகு கொஞ்சம் குறைந்திருந்தது.

அக்கா நகர்ந்தாள். கவுன் போட்ட குழந்தையாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பாள். அலமாரியைத் திறந்தேன். மடக்கிவைத்த தொட்டில். பால் பாட்டில்கள், அட்டைப்பெட்டியோடு. கட்டுக் கட்டாகத் துணிகள், உள்ளங்கை அகலம். கீழ்த்தட்டில் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் காலியிடம். அது எனக்கு.

"எத்தனை மாசம்?"

"நாலு."

"எனக்கு மட்டும் தெரியாது."

"உனக்குச் சொல்லலாம்னுதான்... நீ இங்க வந்து சேர்ந்தப்புறம்."

"உன் வேலை?"

"மத்தியான ஷிஃப்ட் கேட்டிருக்கேன்," என்றாள். மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதே அதிலிருந்த கணக்கு அவள் காதிலும் விழுந்திருக்கும்.

காலையில் கிளாஸ். மத்தியானம் ஃப்ரீ. ஓர் ஊரையே இந்தத் தொட்டிலின் அளவுக்கு வெட்டித் தைத்திருந்தார்கள். மரம், அமைதி, காற்று எல்லாம் மேல்துணி.

"ஒரு வருஷம்டி," என்றாள் அக்கா. "ரெண்டு வருஷம். அப்புறம் அது ஸ்கூலுக்குப் போயிடும். நான் எங்கயாவது வெளியூர் போய்ப் படிச்சேனா? இவரைக் காட்டினாங்க, கட்டிக்கிட்டேன். உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

கண் கலங்கியிருந்தது. வீடு கைமாறாத நாட்களில் அக்கா இப்படிக் கண் கலங்கி நின்றால் அப்பா அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். அதனால் அந்தக் கண்ணீர் எந்தக் கணக்கில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு நஷ்டம்தான்.

"கேட்டிருக்கலாம்ல? 'வந்து பார்த்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வருவியா?"

"தெரியல. கேட்கலையே."

ஹாலில் டீ வைத்திருந்தார் மாமா. நால்வரும் உட்கார்ந்தோம். மாமா டிவியை அணைத்தார். ஒரு வழியாக.

"அப்புறம்? எப்படி நம்ம ஊரு?" என்றார். அறைக்குள் நடந்தது அவர் காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி இருந்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். தோற்ற பின்னும் ஒருமுறை முயன்று பார்ப்பது அவர் தொழில் தர்மம்.

"இங்க பாரும்மா. இந்த காலேஜ் சீட்டுக்கு எத்தனை பேர் போட்டி தெரியுமா? நாளைக்குக் கேட்டா இருக்காது. இன்னொரு பார்ட்டி கேட்டுட்டே இருக்கு."

பார்ட்டி என்றார். என்னிடம்.

டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைத் தட்டில் வைத்தேன்.

"ஊர் ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். "மரமெல்லாம் அருமை. ரூமும் வசதியா இருக்கு. காத்து, வெளிச்சம், ஒரு குறையும் சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்றேன்."

மாமாவுக்கு முகம் மலர்ந்தது. "அதான் பாரு! நான் அப்பவே சொன்னேன், பார்த்தா பிடிக்கும்னு. நல்லா யோசி. அவசரமே இல்ல."

அக்கா டம்ளரைப் பார்த்தபடி இருந்தாள். அப்பா கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"சரிங்க," என்றார்.

எனக்குச் சொன்னார். சொன்னபிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து செருப்பைத் தேடினார். மாமா ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய் அந்த அறை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். இருட்டாகத்தான் இருந்தது.

கீழே போக அப்பா லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். பழுதெல்லாம் இல்லை. உடனே வந்தது. இரண்டு மாடி இறங்கும்வரை அவர் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தொழிலில் அது கிடையாது.

"அந்த வார்டன் அம்மா," என்றார், கதவைப் பார்த்துக்கொண்டு. "தண்ணி பத்தாதுன்னு அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா."

"வெயில் வராதுன்னும்?"

"துணி காயாதுன்னும்."

"முட்டாள் பொம்பளை," என்றார் அப்பா. "அப்படிச் சொன்னா எவன் வருவான்?"

லிஃப்ட் நின்றது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்பரைச் சொல்லு."

சொன்னேன்.