சர்க்கரை தூக்கலாக ஒரு ஃபிளாஸ்க்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நாலு கால், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. என் வீட்டுக்காரர் ரேஸ் லாயத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். விடியும் முன் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். வந்ததும், "இன்னிக்கு அவ சரியா சாப்பிடல" என்பார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கத் தோன்றாது. அந்தக் குதிரையின் பேரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. 'உங்க சம்சாரம்' என்றுதான் சொல்வேன். அவர் சிரிப்பார், மறுக்கமாட்டார்.

ஆனால் என் காபி என்றால் அவருக்கு உயிர். அதில் எனக்குக் கர்வம் உண்டு. முதலில் சின்ன ஃபிளாஸ்க் கொண்டுபோனவர் பிறகு பெரியது கேட்டார். "சர்க்கரை தூக்கலா போடு" என்பார். வீட்டில் குடித்தால் அரைச் சர்க்கரைதான். உழைக்கிற உடம்பு இனிப்புக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பெரிய கோப்பையை ஜெயித்த வருஷம்தான், குதிரையின் எச்சிலைப் பஞ்சில் எடுத்துச் சோதிக்கும் வழக்கம் புதிதாக வந்திருந்தது. அவள் எச்சிலில் ஊக்க மருந்து இருக்கிறது என்றார்கள். கோப்பை திரும்பப் போயிற்று. இவர் இனி லாயத்து வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம் நான் கேட்டேன். "நிஜத்த சொல்லுங்க. ஊசி கீசி போட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன வானத்துலேருந்தா வந்துச்சு?"

அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை வைத்த காபியை மெதுவாக என் பக்கம் தள்ளினார். "இனிமே வேணாம்."

சந்தேகப்பட்டவள் கையால் குடிக்கமாட்டாராம், இருக்கட்டும் என்று எனக்கும் ரோஷம் வந்தது. அவர் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் அவர் வெந்நீர் குடிப்பார், நான் எதிரே உட்கார்ந்து சத்தம் வர உறிஞ்சுவேன். முப்பத்தொரு வருஷம். நாலு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில், கடைசியாக, "ஒரு வாய் காபி தரட்டுமா?" என்று கேட்டேன். சிரித்து, வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். மன்னிக்காமலே போய்விட்டார் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன்.

போன வாரம், அன்று அவளை ஓட்டிய ஜாக்கி வந்தார். குதிரை ஏறும் காலத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர், இப்போது தொப்பையோடு படியேற மூச்சு வாங்கினார். கையில் பேப்பர். பழைய ரேஸ் மோசடிகள் என்று தொடர் போடுகிறார்களாம். என் வீட்டுக்காரர் படமும் அந்தக் காலத்துச் சோதனை அறிக்கையும் அதில் இருந்தன. மருந்தின் பேரை அன்றுதான் பார்த்தேன். கஃபீன்.

"இது என்ன மருந்து தம்பி? ரொம்ப மோசமானதா?"

அவர் நான் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "இதுல இருக்கறதுதான் அண்ணி."

எனக்கு விளங்கவில்லை.

"அண்ணன் ஃபிளாஸ்க்கைத் திறந்தா போதும், அவ கழுத்த நீட்டிருவா. மூடில ஊத்தி வைப்பாரு. பாதிக்கு மேல அவதான் குடிப்பா. நல்லா இனிப்பா இருக்கணும் அவளுக்கு. ரேஸ் அன்னிக்குக் காலையிலயும் குடிச்சா. மருந்துன்னு நெனச்சாத்தானே குடுக்காம இருப்பாரு?"

"விசாரணைல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மட்டும் விட்ருவாங்களா? குதிரை வாய்க்குள்ள எது போனாலும் அவர்தான் பொறுப்பு. வெளிய வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாரு. வீட்ல சொல்லிடாத, தன் காபியாலதான் வேலை போச்சுன்னு தெரிஞ்சா உங்க அண்ணி உடைஞ்சு போயிருவான்னு சொன்னாரு. சத்தியமே வாங்கிக்கிட்டாரு."

"அப்ப ஏன் காபிய விட்டாரு? என் மேல கோவம்தானே?"

"நானும் கேட்டேன் அண்ணி. மூடியக் கையில எடுத்தா அவ ஞாபகம் வருது, தனியா குடிக்கப் புடிக்கலன்னாரு."

தனியாக. எதிரே மலை மாதிரி நான் உட்கார்ந்திருக்க, அந்த மனுஷன் தனியாக இருந்திருக்கிறார். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. ஜாக்கி பாவம், பேப்பரை மடித்து மடித்து விரித்தார்.

ஜாக்கி போன பிறகு பரணிலிருந்து பெரிய ஃபிளாஸ்க்கை இறக்கிக் கழுவினேன். எனக்கு அவர் வேண்டும். ஒரே ஒரு காலை போதும். அவர் சம்சாரத்தின் பேரை என் வாயால் சொல்லி, "இன்னிக்கு அவ சாப்பிட்டாளா?" என்று கேட்க வேண்டும்.

அடுப்பைப் பற்றவைத்தேன். மூன்று பேருக்குப் பால் ஊற்றினேன்.