ஒன்றே ஒன்றுதானே

சந்தைக்குச் சுமை கொண்டுபோன கழுதை ஒன்று பாதி வழியில் விழுந்துவிட்டது. வழியில் கண்டவர்கள் எல்லாம், "சந்தைக்குத்தானே போகிறாய், இதையும் கொண்டுபோ" என்று ஆளுக்கொரு துண்டுத் துணியை அதன் முதுகில் போட்டிருந்தார்கள். விழுந்த செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள் அவரவர் துணியை உருவி உயர்த்திக் காட்டினார்கள். "இதுவா கனம்? ஊதினால் பறக்குமே!" உண்மைதான். எவர் கையில் இருந்ததும் கனமில்லை. கழுதைதான் எழவில்லை.

ஒவ்வொரு துணி விழும்போதும் அது ஏன் உதறித் தள்ளவில்லை என்பதைக் கதை சொல்வதில்லை. அதை ஒரு பேருந்து ஓட்டுநரின் வீட்டில் தெரிந்துகொள்ளலாம்.

அந்த ஓட்டுநருக்கு வேலை இரண்டு பாதிகளாக வாய்த்திருந்தது. காலை நெரிசலுக்கு ஒரு பாதி, மாலை நெரிசலுக்கு மறு பாதி. நடுவில் மத்தியானம் வீட்டுக்கு வருவார். அப்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மனைவி மருத்துவமனையின் சலவைக் கூடத்தில், உருளை இயந்திரத்திலிருந்து ஆவி பறக்க வெளிவரும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பாள். மகள் பள்ளியில் இருப்பாள். வீட்டில் எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவதால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். தையற்காரராயிருந்து ஓய்வு பெற்றும் ஓய்வெடுக்கத் தெரியாத ஓட்டுநரின் தந்தை, தெருமுனைத் துணிக்கடையில் கால்சட்டைகளுக்குக் கரை மடித்துக்கொண்டிருப்பார். நால்வரும் ஒரே கூரையின் கீழ்தான் வாழ்ந்தார்கள். ஆனால் ஒருவர் விட்டுப்போன சூட்டில் மற்றவர் அமரும் நாற்காலிகள் போலத்தான் சந்தித்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் சாப்பாடு எப்படி இருக்கும்? கிடைத்தது, கிடைத்த நேரத்தில், நின்றபடி. ரொட்டியில் ஜாம். ஜாம் தீர்ந்தால் சர்க்கரை. பேருந்து நிலையத்தில் இனிப்புத் தேநீர். அதன் பலனை ஆண்டுப் பரிசோதனையின்போது பணிமனை மருத்துவர் எடுத்துச் சொன்னார்.

"ரத்தத்துல சர்க்கரை ரொம்ப அதிகம். இப்பவே மாத்திரை எழுதறேன். சாப்பாட்டையும் மாத்துங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்பேன். சர்க்கரைச் சராசரி இறங்கலைன்னா உங்களை ஸ்டியரிங்ல உட்கார வைக்க முடியாது. பின்னாடி நிக்கறவங்க உயிரு சார்."

உட்கார வைக்காவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். பணிமனையின் பின்புறம் பேருந்து கழுவும் கொட்டகை இருந்தது. அங்கே போனவர்கள் ரப்பர் காலணியோடு நின்று, நேற்றுவரை தாம் ஓட்டிய வண்டியின் சக்கரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். வண்டியை எடுக்க வருகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அவருக்கு இந்த உலகில் நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அதுவும் போய்விடுமோ என்ற அச்சத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"நான் பார்த்துக்கறேங்க" என்றாள் அவள். சொல்லும்போதே கொட்டாவி வந்தது.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை நாளாக இல்லை. பீன்ஸ், கோஸ், கேரட் என்று மலையாகக் குவித்து நறுக்கி, வேகவைத்து, டப்பாக்களில் அடைத்து, குளிர்பெட்டியில் அடுக்கினாள். வாரம் முழுதும் விடியுமுன் எழுந்து, கண் பாதி மூடியபடியே ஆளுக்கொரு மதியப் பெட்டி கட்டினாள். சர்க்கரை டப்பா பரணுக்குப் போயிற்று. ஜாம் புட்டி போன இடம் அவளுக்கு மட்டுமே தெரியும். ஞாயிறு மாலை ஒரு வேளையேனும் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதும் அவள் விதித்த சட்டந்தான்.

"மாமா, இன்னும் கொஞ்சம் கோஸ் வைக்கட்டுமா?"

"வேணாம்மா. முயலுக்கும் தாடை வலிக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்."

"தாத்தா, பேசாம மெல்லுங்க" என்றாள் மேனேஜர். "ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்லணுமாம்."

"இருக்கற பல்லை வச்சு முப்பது தடவை மென்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துரும்டி."

ஓட்டுநர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடறீங்க?"

"திறந்தா பீன்ஸ் தெரியுதே."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாள் விடியலில் மதியப் பெட்டியை மூடும்போது அந்த மூடிய கண்கள் அவள் நினைவுக்கு வந்தன. ஆளில்லாத வீட்டில் அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து இந்தப் புல்லைத் தின்ன வேண்டுமே என்று மனம் இளகியது. ஒளித்து வைத்த ஜாமில் சிறிது எடுத்து, உள்ளங்கையளவு பன் ஒன்றில் தடவி, வெள்ளரித் துண்டுகளுக்கு அடியில் வைத்து மூடினாள். ஒன்றே ஒன்றுதானே. பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. அதைப் பற்றி அவள் அவரிடம் பேசவில்லை. அவரும் அவளிடம் பேசவில்லை. பேச நேரமும் இல்லை.

மூன்று மாதம் கழிந்தது. மருத்துவர் முடிவைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்ல என்ன சாப்பிடறீங்க?"

"பீன்ஸ் சார். கோஸ். வெள்ளரிக்காய்."

"மாத்திரை?"

"தவறாம போடறேன் சார்."

"பீன்ஸ் தின்னு இவ்வளவு சர்க்கரை ஏறினதா நான் படிச்சதில்லையே! சரி, இன்னும் மூணு மாசம் தவணை தர்றேன். அதுதான் கடைசி. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

மறுநாளே அவரைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். சீருடைக் கோட்டையும், ஓட்டுநர் இருக்கையில் போட்டுக்கொள்ள வீட்டிலிருந்து தினமும் எடுத்துப்போகும் மெத்தையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பையைக் கதவோரம் வைத்துவிட்டு, "துவைச்சு வச்சிடு. இப்போதைக்கு வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

கோட்டுகளைப் பணிமனையிலேயே துவைத்துவிடுவார்கள்; அதனால் இத்தனை காலமும் அது அவள் கைக்கு வந்ததில்லை. இப்போது வந்தது. சலவைக் கூடத்தில் நெடுநாள் வேலை செய்த கை எந்தத் துணியையும் பை பார்க்காமல் நனைக்காது. அங்கே நோயாளிகளின் உடைகளில் மூக்குக் கண்ணாடி கிடைக்கும், விழுங்காத மாத்திரை கிடைக்கும். ஒருமுறை பல்செட்டே சிரித்துக்கொண்டு வந்தது. மறுநாள் துவைக்க எடுத்தவள், எதையும் எதிர்பாராமல், பழக்கத்தால், கோட்டின் பையை வெளிப்புறமாகப் புரட்டினாள். தூள் உதிர்ந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தித்தித்தது.

அன்று மாலை கொட்டகையில் இருந்து அவரும் வந்து சேர்ந்த பிறகு, சமையலறை மேசைமேல் கோட்டை விரித்தாள்.

"மேனேஜர், இங்க வா. இது என்ன?"

"தூள்."

"என்ன தூள்னு கேட்டேன்."

"க்ரீம் பிஸ்கட்டும்மா. ஒண்ணே ஒண்ணு. காலையில கிளம்பறப்ப அப்பா மூஞ்சி தொங்கிப்போய் இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. அதான் பையில வச்சேன்."

"ஒரு நாளா?"

மேனேஜர் தரையைப் பார்த்தாள்.

"அதான் பார்த்தேன்!" என்று மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மாக்காரி கஷ்டப்பட்டு நறுக்கறா, பொண்ணு இந்தப் பக்கம்..." மருமகளின் கை மெத்தையை நோக்கிப் போவதைக் கண்டதும் குரல் இறங்கியது. "அம்மாடி, அதை விட்டுடு. அதோட ஜிப்பு மக்கர் பண்ணும்."

அந்த மெத்தைக்கு உறை தைத்தவர் அவர்தான். பக்கவாட்டில் ஜிப் வைத்த சிறு பையொன்றும் சேர்த்துத் தைத்திருந்தார். ஜிப் மக்கர் பண்ணவில்லை. மிட்டாய்த் தாள்கள் பொலபொலவென்று மேசையில் கொட்டின.

"மாமா!"

"கோலிக்குண்டு சைஸும்மா. நாள் பூரா ரோட்டைப் பார்த்து ஓட்டறவன். தூக்கம் வராம இருக்கணுமேன்னு..."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணுதான்." சற்று நிறுத்தி, "ஒரு ட்ரிப்புக்கு" என்றார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் போதிய தெம்பு இல்லை. "விடியறதுக்கு முன்னாடி எழுந்து நறுக்கறேன். கை பாருங்க, எது சூட்டுக்காயம், எது கத்திக்காயம்னு எனக்கே தெரியல. இவர் வேலை போயிடக் கூடாதுன்னுதானே எல்லாம்? நீங்க ரெண்டு பேரும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்த விட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க!"

"தாத்தா ட்ரிப்புக்கு ஒண்ணு கொடுப்பார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பிஸ்கட் வைக்கறேன்னு எனக்குச் சொன்னியாடி?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல? இன்னும் யார் யார் கொடுத்தாங்க? இப்பவே சொல்லிடுங்க."

ஓட்டுநரின் பார்வை ஒரு கணம், கழுவிக் கவிழ்த்திருந்த மதியப் பெட்டியின்மேல் போய் மீண்டது.

"வேற யாரும் இல்ல" என்றார்.

அவள் அந்தப் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள்.

"ஜாம் பன்" என்றாள். "நானும்தான்."

"பன்னா? மிட்டாயைவிடப் பெருசாச்சேம்மா அது!" என்றார் மாமனார். பேத்தி அவர் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"மூணையுமா தின்னீங்க? வேலை போயிடும்னு தெரிஞ்சும்?"

ஓட்டுநர் மிட்டாய்த் தாளொன்றை எடுத்து விரலால் நீவினார். அவர் அத்தனை நீளமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

"மத்தியானம் வந்து கதவைத் திறந்தா ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்கும். டப்பாவைத் திறந்து அடியில பன்னைப் பார்த்தா, அந்த அவசரத்துலயும் நீ என்னை நினைச்சிருக்கேன்னு தெரியும். பையில கை விட்டா மேனேஜர் இருப்பா. சிக்னல்ல நின்னா அப்பா இருப்பார். இதுல நான் யாரை வேணாம்னு சொல்றது?"

அந்தக் கழுதையின் முதுகில் துணி போட்டவர்கள், போடும்போதெல்லாம் அதன் கழுத்தை ஒருமுறை தடவிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தடவலை உதறாமல் துணியை மட்டும் உதற அதற்குத் தெரியவில்லை.

அந்த வாரமே அவள் சலவைக் கூடத்தில் விடியல் முறைக்கு மாற்றம் கேட்டாள். யாரும் விரும்பாத முறை என்பதால் உடனே கிடைத்தது. ஊர் உறங்கும்போதே கிளம்பிப் போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். காலையில் மேனேஜர், பள்ளிக்குச் சுற்று வழியென்றாலும், அப்பாவோடு பணிமனை வரை நடந்தாள்; வழி முழுதும் அவர் நடையின் வேகத்தைக் குறை சொன்னாள். மாமனார் தம் கையை நம்பாமல், மெத்தையின் ஜிப்பை இரட்டை நூல் போட்டுத் தைத்தே மூடிவிட்டார்.

இதனால் பீன்ஸ் ருசியாகிவிடவில்லை. பீன்ஸ் பீன்ஸாகவே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அவர் வந்ததும் அவள் எதிரே உட்கார்ந்து, அன்று யாருடைய பையில் என்ன கிடைத்தது என்று சொல்வாள். அவர் கொட்டகைக் கதை ஏதாவது சொல்வார். பல நாள்களில் இருவரும் பேசத் தெம்பில்லாமல் மெல்வார்கள். அவள் தட்டிலும் அதே கோஸ்தான் இருக்கும். இத்தனை காலம் மடித்த விரிப்புகளுக்கு இடையே நின்றபடி எதையோ விழுங்கியவள், இப்போதுதான் தானும் உட்கார்ந்து சாப்பிடுவதை ஒருநாள் கவனித்தாள்; கவனித்ததைச் சொல்லவும் சோம்பலாயிருந்தது.

கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று, மருத்துவர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துட்டீங்க. நூலிழைதான். நாளையிலேர்ந்து வண்டி எடுங்க. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் பார்ப்பேன். இது முடியற வேலை இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கதவைத் திறந்தார். சமையலறை மேசையில் இரண்டு தட்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, மடித்த கையின்மேல் கன்னம் வைத்து அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. முன்கையில் சலவை உருளை சுட்ட புதிய தழும்பு ஒன்று சிவந்திருந்தது.

அவர் கூப்பிடவில்லை. உள்ளே போய்த் துவைத்து மாட்டியிருந்த கோட்டை எடுத்துவந்து, நாளைக்கென்று நாற்காலி முதுகில் போட்டார். நாற்காலியை இழுத்தால் தரையில் கிறீச்சிடும் என்று, அது இருந்த இடத்திலேயே ஒருக்களித்து உட்கார்ந்தார். தட்டைத் திறந்து, கரண்டி தட்டில் படாமல், பீன்ஸை முழுவதும் தின்று முடித்தார். கண்ணை மூடவில்லை, எதிரே பார்ப்பதற்கு ஆள் இருந்தது.

அவள் விழித்தபோது முதலில் கண்ணில் பட்டது கோட்டு. தூக்கம் கலையாத கை தானாக நீண்டு அதன் பையைப் புரட்டியது. உள்துணி மட்டும் நாக்குப் போல வெளியே தொங்கியது.

"ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

"பழக்கம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கோட்டு ஏன் அங்கே வந்தது என்பது அவளுக்கு உறைத்தது. "குடுத்துட்டாங்களா?"

"நாளையிலேர்ந்து. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்பாராம்."

அவள் தலையசைத்தாள். மகிழ்ச்சி முகத்துக்கு வந்துசேரச் சற்று நேரம் பிடித்தது. வெகுதூரத்திலிருந்து நடந்து வருவதுபோல் வந்தது. அவருடைய காலித் தட்டைப் பார்த்தாள்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"போடவே இல்ல."

"ஐயோ. சொல்லக் கூடாதா?"

"நீ தூங்கிட்டு இருந்தே" என்றார். "உன் தட்டைத் திற. நான் உட்கார்ந்திருக்கேன்."