மேலே இருப்பவர்களுக்குப் பத்திரிகை

வேற்றுக்கிரகத்தார் விழாவுக்கு வர மறுத்ததற்கு ஒரே காரணம், யாரும் நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை என்பதுதான்.

அவர்களை நம்பி ஒட்டன்சத்திரத்துத் தவசியப்பன் ஒரு மதமே தொடங்கியிருந்தார். மொட்டை மாடியில் கோயில், ஒரு தெரு அளவுக்கு அடியார்கள். ஆனி மாத விழாவுக்கு அவர்கள் வந்து இறங்குவார்கள் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, அழைப்பை மட்டும் ஆன்டெனா வழியாக அனுப்பிவிட்டார். எவ்வளவு படித்தும் மனுசனுக்கு முறை தெரியவில்லை பாருங்கள். "இப்படிக் கூப்பிட்டா எப்படிங்க வர்றது?" என்று மேலிருந்து பதில் வந்தது. அவர்கள் வராவிட்டால் மதம் அத்தோடு சரி. அடியார்களில் பாதிப்பேர் இப்போதே பழைய சாமியையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

நேரில் போவதென்றால் தம்பதியாகப் போகவேண்டும். அங்கேதான் இடித்தது. மனைவி மயிலாத்தாளுக்கு இந்த மதத்தில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. வடகம்கூடப் பக்கத்து வீட்டு மாடியில்தான் காயப்போடுவாள். தவசியப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க கூத்துக்கு நான் வரலீங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா மொறையா கூப்பிடாம விட்டது தப்பு. மனசு சங்கடப்பட்டிருப்பாங்க. கெளம்புங்க," என்று பட்டுச்சேலையை எடுத்தாள்.

மேலே போகும் வண்டி பேருந்து நிலையத்தின் பின்பக்கம் நிற்கும். ஜன்னலோரம் மயிலாத்தாள் உட்கார்ந்தாள். நிலாவைத் தாண்டியதும் குளிரெடுத்தது. தவசியப்பன் ஷட்டரை இறக்கிவிட்டார்.

அங்கே வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கே வந்து கூட்டிப்போனாள். கண் இருந்த இடம்தான் வேறு, உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. அத்தனை காலம் நம்பியவர்களின் முன்னால் தவசியப்பன் கைகூப்பியபடியே நின்றார். மயிலாத்தாள்தான் வெற்றிலைத் தட்டை நீட்டிக் குங்குமம் கொடுத்தாள். குழந்தைகள் எத்தனை, தண்ணீர் வசதி எப்படி என்று விசாரித்தாள்.

"உனக்குப் பொறந்த வீடு எது கண்ணு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க. சின்னதுலயே எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க."

"அப்ப இதுதான்னு வச்சுக்க."

மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை தவசியப்பன் வாயிலிருந்து வந்ததில்லை.

விழாவன்று எல்லோரும் வந்து இறங்கினார்கள். அடியார்கள் பூத்தூவி விழுந்து கும்பிட, வந்தவர்கள் கூச்சத்தோடு ஒதுங்கி நடந்தார்கள். "நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க," என்று சொல்லிவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போய் மயிலாத்தாளோடு தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார்கள். மதம் பிழைத்தது.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டதும் அந்த அம்மாள் சொன்னாள்: "ஆடி பொறக்குதுங்க மாப்ள. பொண்ணக் கூட்டிட்டுப் போறோம்."

பிறந்த வீட்டார் ஆடிக்கு அழைத்தால் மறுக்க முடியுமா? தவசியப்பனே சேலைகளை மடித்துப் பையில் வைத்தார். வண்டியில் ஏறிய மயிலாத்தாள், "சோத்த வடிச்சுச் சாப்பிடுங்க, கடையில திங்காதீங்க," என்றாள்.

"எங்க ஆடி கொஞ்சம் நீளமுங்க," என்றாள் அந்த அம்மாள்.

எவ்வளவு நீளம் என்று பெண் வீட்டாரிடம் கேட்பது மரியாதை இல்லை. அவர் கேட்கவில்லை.

மறுநாள் வழிபாட்டில் தவசியப்பன் ஒரே ஒரு திருத்தம் செய்தார். "வாருங்கள்" என்று இருந்த வேண்டுதலை "அனுப்பி வையுங்கள்" என்று மாற்றினார். அடியார்கள் மேலே பார்த்துக் கைகூப்பி அப்படியே சொன்னார்கள். அந்த மதத்தில் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.