சின்னம் இல்லாத அட்டை

தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பொன்னம்பலம் பிள்ளை ஒரு நாவல் எழுதினார். தம் குடும்பம் ஒரு காலத்தில் நெய்யாற்றின்கரை வரை நிலம் வைத்திருந்த கதை. பெயர் 'மேலவீட்டுப் பெருவாழ்வு'. இதுவரை அதைப் படித்தவர் ஒருவர்தான், எழுதியவர். மனைவி மரகதவல்லிகூட, அச்சில் வரட்டும் பார்க்கலாம் என்று கைப்பிரதியைத் தள்ளி வைத்துவிட்டாள். யாராவது ஒருவர், கெஞ்சாமல், தானாகத் திறக்க வேண்டும். அட்டைதான் அதைச் செய்யும் என்று பிள்ளை நம்பினார்.

அட்டை வரைய அகப்பட்டவன் வேலாயுதன். காலம்தான் சரியில்லை. தொண்ணூற்றாறு ஏப்ரல். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் தேர்தல். ஊர் பனச்சமூட்டில் ஒரு ரோடுதான் மாநில எல்லை; அதற்கு இந்தப் பக்கச் சுவரிலும் அந்தப் பக்கச் சுவரிலும் சின்னம் எழுதுகிறவன் அவனேதான்.

பிள்ளை கேட்டபடி முதல் அட்டையில் பனைகளுக்கு நடுவே சூரியன் உதித்தது. குடும்பத்தின் எழுச்சியாம். அச்சாகி வந்திருந்த முதல் பதினாறு பக்கங்களுக்கு அதை மேலட்டையாக ஒட்டி, ஈசாக்கின் சாயாக்கடை பெஞ்சில் மறந்ததுபோல வைத்தார். ஈசாக் எட்டிப் பார்த்து, அந்தக் கட்சிக்கு ஓட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமாக்கும் என்று சொல்லிவிட்டு சாயா ஆற்றப் போனான். திறக்கவில்லை.

அடுத்து குடும்ப வயலின் நெற்கதிரும் அரிவாளும் வந்தன. பிள்ளை சாறு எப்போது கம்யூனிஸ்டு சகாவு ஆனார் என்று ஒரு பெஞ்சு விசாரித்தது. குடும்பக் குளத்துத் தாமரை வந்தபோது எதிர்ப் பெஞ்சு வாழ்த்தியது. பேனா பிடித்த கையை வரையச் சொன்னார். கையைப் பார்த்தார்கள், பேனாவைப் பார்க்கவில்லை. சுவரில் இருப்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் திறந்து பார்ப்பார்கள்?

"எலே வேலாயுதா, வேணும்ணே செய்யுதியா?"

"சாறே, ஒரு கட்சிக்கும் சின்னம் ஆகாத சாதனம் ஒண்ணு சொல்லும். வரைச்சு தாறேன்."

பிள்ளை யோசித்தார். யானை, குடை, விளக்கு, ஏணி, சைக்கிள். கடவுள் படைத்ததும் மனிதன் படைத்ததும் தேர்தல் சின்னங்களின் பட்டியலுக்குப் போய்விட்டிருந்தன. கடைசியில் என் முகத்தையே போடு என்றார். அப்படியானால் வேட்பாளர் என்றுதான் நினைப்பார்கள் என்றான் வேலாயுதன்.

அதோடு விட்டார். வெறும் வெள்ளை அட்டை, பெயர்கூட இல்லை. அதைப் பெஞ்சில் போட்டுவிட்டு, வேறு பக்கம் பார்த்துச் சாயா குடித்தார்.

ஈசாக் அதை எடுத்துத் திருப்பினான். பின்பக்கமும் வெள்ளை.

"இது ஏது கட்சியாக்கும்?"

பதில் வருமுன் திறந்துவிட்டான். பிள்ளையின் கிளாஸ் வாய்க்கு வரும் வழியில் நின்றது.

முதல் பக்கத்தில் சின்னம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் மேலவீட்டுப் பெரியவர் கிணற்றில் கிடந்தார். கடை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரோ சாயா கேட்டார்கள். ஈசாக் நின்றபடியே பதினாறாம் பக்கம் வரை போய், தாளைப் புரட்டினான். அப்புறம் ஒன்றுமில்லை.

"சாறே, அவரெ தள்ளி விட்டது ஆரு?"

பிள்ளை எழுதியதில் யாரும் தள்ளவில்லை. பெரியவர் வழுக்கி விழுந்தவர். குடும்பக் கிணற்றின் ஆழத்தை விவரிக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"புஸ்தகம் வரட்டும் மக்கா," என்று பிள்ளை எழுந்தார்.

நேராக அச்சகத்துக்குப் போனார். அட்டை வெள்ளையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தம் உறவினர்களில் யார் தள்ளியிருக்கக் கூடும் என்று முதன்முறையாக ஆர்வத்தோடு யோசித்தார்.