உறைக்குள் விழித்தவை

பட்டாம்பூச்சிகளின் இறக்கையை மடக்கி, காகித உறையில் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் அடுக்குவது அக்காவின் வேலை; கல்யாணங்களில் பறக்கவிட கம்பெனி அனுப்பும். குளிரில் அவை அசையாமல் கிடக்கும். கல்யாண மண்டபத்தில் பிரிப்பதற்குச் சற்று முன்னால் வெளியே எடுத்துவைத்தால் விழித்துக்கொள்ளும். எல்லாம் பறக்காது. விழுந்ததைப் பெருக்க மண்டபத்தில் ஆள் உண்டு.

தன் கல்யாணத்துக்கும் அது வேண்டும் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள்.

"வேணாம்டி. பாவம். கூண்டுல வளந்ததுங்க, வெளிய விட்டா எங்க போகும்?"

"ஊருக்கெல்லாம் அடுக்கி அனுப்புவே. எனக்குன்னா மட்டும் உனக்குப் பாவம் பொத்துக்கிட்டு வருமா?"



முதலாளி கல்யாணப் பரிசாக ஒரு பெட்டி கொடுத்தார். நல்லதாகப் பார்த்து அவளே பொறுக்கி அடுக்கினாள். இந்த ஒரு பெட்டியாவது முழுசாகப் பறந்து போய்விட வேண்டும். அவள் வேண்டாத தெய்வமில்லை.

மண்டபத்து ஏசியில் பல் கிட்டியது. இந்தக் குளிரில் இதுகள் எங்கே விழிக்கும்? மனசு கேட்காமல், வழக்கத்துக்கு வெகு முன்னதாகவே உறைகளை எடுத்து, மணப்பெண் அறையில் வெயில் விழுந்த ஜன்னலோரம் பரப்பினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரவில்லை. "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்னு சொல்லியே அறுபதாம் கல்யாணம் வரைக்கும் இழுத்துடுவாங்க போலிருக்கே!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். தங்கையின் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஜன்னல் பக்கம் சலசலப்பு கேட்டது. வேலை செய்யும் இடத்தில் உறைகள் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. விழித்துவிட்டன என்று மனம் குளிர்ந்து போனாள்.

மேடையில் எல்லோரும் ஒன்றாக உறையைப் பிரித்தபோது முதலில் கொட்டியது இறக்கைகளின் வண்ணப் பொடி. பிறகு அவை விழுந்தன. உறைக்குள் வெகுநேரம் அடித்து அடித்து இறக்கைகள் நார் நாராகக் கிழிந்திருந்தன. கம்பளத்தில் ஊர்ந்தன.

கேமராவுக்காகச் சிரித்த முகம் மாறாமல் தங்கை கேட்டாள்: "வேணும்னே பண்ணினியாக்கா?"

"இல்லடி, குளிருமேன்னு..."

"கீழ கிடக்கறத எல்லாரும் அள்ளி மேல வீசுங்க!" போட்டோக்காரர் கத்தினார். "நான் சொன்னதும் ஒரே வீச்சு!"

எல்லோரும் குனிந்தார்கள். அக்கா மட்டும் நின்றாள்.

"என் கல்யாணத்தைக் கெடுத்துடாத. வீசுக்கா."

அக்கா குனிந்து அள்ளினாள். உள்ளங்கையில் கால்கள் பிறாண்டின. வீசினாள்.

படம் பிரமாதமாக வந்தது. தங்கையின் தலைக்கு மேலே வானம் முழுக்கப் பட்டாம்பூச்சி மாதிரி. முதலாளி அதைப் பெரிதாக்கி, அக்கா வேலை செய்யும் மேஜைக்கு மேலேயே மாட்டிவிட்டார்.

"உன் தங்கச்சி போட்டோவ பாத்துட்டுத்தாம்மா எல்லாரும் கேக்கறாங்க. கைராசிக்காரி நீ."

அக்கா நிமிரவில்லை. அடுத்ததை எடுத்து இறக்கையை மடக்கினாள்.