லைப்ரரியையே கேட்ட வரி

பிந்துஜாவின் தகுதிகாண் காலம் முடிய நாலு நாள்தான் இருந்தது. அவள் எழுதிய படகு அனுமதி புரோகிராமோ, ஆலப்புழை அலுவலக சர்வரில் ஒவ்வொரு முறை ‘சேமி’யை அழுத்தும்போதும் குப்புற விழுந்தது.

திருவனந்தபுரம் ஆபீசில் தலைமைக் கட்டமைப்பாளர் உண்ணித்தான் சார் எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லக்கூடியதையும் அவர் நின்றுதான் சொல்வார்.

“தகவலைச் சேமிக்க சர்வர்ல ஏற்கெனவே இருக்கிற ரெடிமேட் கோட், அந்த சிஸ்டம் லைப்ரரி, என்ன வெர்ஷன்னு பாக்குற வரி, நானே எழுதினது. ஆலப்புழையிலயும் 3.37-னு காட்டுது. நமக்கு வேண்டியதும் அதுதான். அப்போ தப்பு உன் கோட்லதான்.”

மேலாளர் தலையாட்டினார். தன் வேலை போகும் திசை பிந்துஜாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஆலப்புழையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்லினுக்கு போன் போட்டாள்.

“சேச்சி, லைப்ரரியைப் புதுசாக்கினீங்களா?”

“புதுசா? நல்லா கேட்ட மோளே! மிஷின் வந்து ஒன்பது வருஷம். தூசி தட்டணும்னாலே மூணு கையெழுத்து வாங்கணும். உள்ள யாரு கை வெப்பா?”

பழைய மிஷினில் புது வெர்ஷன் எப்படி? பிந்துஜா சாரின் வரியைத் திறந்து பார்த்தாள். அது லைப்ரரியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. புரோகிராமை உருவாக்கிய இடத்தில், அதாவது சாரின் லேப்டாப்பில், இருந்த எண்ணை உள்ளே பதித்துக்கொண்டு, போன ஊரிலெல்லாம் அதையே ஒப்பித்தது. புரோகிராம் ஓடும்போது லைப்ரரியையே கேட்கும் கட்டளை தனியாக உண்டு. அதை ஒரு வரியில் சேர்த்து அனுப்பினாள்.

“3.7-னு வருது மோளே,” என்றாள் ரோஸ்லின்.

உண்ணித்தான் சார் கண்ணாடியைத் துடைத்தார். “3.37, 3.7... நடுவுல ஒரு மூணுதானே குறையுது!”

குறைந்த அந்த மூன்றில் முப்பது வெர்ஷன் அடங்கியிருந்தது: புள்ளிக்குப் பின்னால் முப்பத்தேழு எங்கே, ஏழு எங்கே. பழைய லைப்ரரிக்குப் புரியும்படி, புரோகிராமில் சேமிக்கும் பகுதியை பிந்துஜா மாற்றி எழுதினாள். சாயங்காலத்துக்குள் முதல் படகுக்கு அனுமதி பதிவானது. தன் பழைய வரியை, புதியவர்களைச் சோதிக்க வேண்டுமென்றே வைத்ததாக சார் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். மேலாளர் அதற்கும் தலையாட்டிவிட்டு, அவளுடைய பணி உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் கைக்கு வந்ததும் அவள் ஆலப்புழைக்குத்தான் முதலில் கூப்பிட்டாள்.

“ரொம்ப நன்றி சேச்சி. உங்களாலதான் வேலை நிலைச்சுது.”

“என்னாலயா? மிஷின் பழசுன்னுதானே சொன்னேன்!”

“இங்க அதைச் சொல்ல ஒருத்தர்கூட இல்ல, சேச்சி.”