கோராவின் மாடியறையில் பெய்த மழை

சீனாவிலிருந்து ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுக்க கோரா ட்வைட் மனுப் போட்ட அதே வாரத்தில், அவள் வீட்டு மாடியறையில் பட்டப்பகலில் இரவு வந்தது. மினசோட்டா மாநிலத்தின் ஹால்வெக் ஊரில் அன்று பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அவள் கணவன் ஆர்வித், பள்ளிக்கூடப் பேருந்தின் காலை நடையை முடித்துவிட்டு, தொட்டிலைப் பூட்டி நிறுத்த மாடிக்குப் போனவன், கதவைத் திறந்ததும் கும்மிருட்டில் நின்றான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தவளைகள் கத்தின, வெதுவெதுப்பான மழை கொட்டியது. கையை நீட்டிப் பார்த்தான், சட்டைக் கை நனைந்தது. வெளியே போய் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது அது சாதாரண ஜன்னல்தான், விளிம்பில் பனி அப்பியிருந்தது. சமையலறைக்கு வந்து பாதி ரொட்டியைத் தின்ற பிறகுதான் விஷயத்தைச் சொன்னான், மேலே ராத்திரியாகிவிட்டது என்று. சீனாவில் இப்போது ராத்திரிதானே என்றாள் கோரா. அந்த ஊர்க்காரர்கள் அவ்வளவுதான் பேசுவார்கள். கூரை பறந்தால்கூட இன்று கொஞ்சம் காற்று என்பார்கள்.

கோரா வீட்டு முன்கூடத்தில் பெண்களுக்கு முடி வெட்டி, சுருள் வைத்துவிடும் கடை நடத்தினாள். கோடையில் ஒருநாள் மதியம், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, மாடியில் ஒரு குழந்தை அழுதது. தொட்டில் காலியாகத்தான் இருந்தது. அழுகை ஜன்னலுக்கு அப்பால் மழைக்குள்ளிருந்து வந்தது. கோரா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள். இருட்டுக்குள் தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டை, பாதி வரி மறந்துபோன அதைத் திருப்பித் திருப்பிப் பாடினாள். அழுகை விம்மலாகி அடங்கியது. அன்றிலிருந்து தினமும் இதே வேலைதான். அவள் இறங்கி வரும்வரை பெண்கள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்திகூட வேறு கடைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டு டார்லீனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. ஒரு பக்கம் மட்டும் சுருண்டு நிற்கும் தலையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, இந்தக் கோலத்தில் நான் செத்தால் சவப்பெட்டியை மூடித்தான் வைக்கணும் என்று புலம்புவாள். புலம்பிக்கொண்டே, போ போ, முதலில் அவளைப் போய்ப் பார் என்று விரட்டுவதும் அவள்தான்.

அந்த அக்டோபரில் ஆர்வித் ஒரு பெரிய தப்பு செய்தான். ஹால்வெக்கில் குளிர் வருவதற்கு முன்னால் எல்லார் வீட்டிலும் ஜன்னல்களுக்கு உட்புறமாகக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, சுருக்கமில்லாமல் இழுத்து நிறுத்துவார்கள். கை பழகிய வேலை, யோசிக்காமல் செய்வது. ஆர்வித்தும் கடையின் கருவியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ஒட்டி, அந்த ஜன்னலையும் சேர்த்து ஒட்டிவிட்டான். மாடி அமைதியானது. குழந்தை இப்போதெல்லாம் விடிய விடியத் தூங்குகிறாள் என்று கோரா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். அட, பாவமே! குழந்தை அழாமல் இல்லை, இவர்களுக்குத்தான் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பெருக்கப் போனவள், தாள் உட்பக்கமாக உப்பி வெடிக்கிற மாதிரி நிற்பதைக் கண்டு கத்தரிக்கோலால் கிழித்தாள். இத்தனை நாளும் தேங்கிக் கிடந்த அழுகை மொத்தமாக வெளியே வந்தது. தெருவில் தபால்காரர் பையை இறக்கிவைத்துத் தொப்பியைக் கழற்றினார். கோரா விளக்கு வைக்கும்வரை பாடினாள், தொண்டை கட்டிய பிறகு முனகினாள். ஆர்வித் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் தகப்பன் செத்தபோதுகூட அந்த ஊர் அதைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்த ஜன்னலை யாரும் அடைக்கவில்லை. வெளியே ஜனவரிக் குளிரில் மூச்சு உறையும்போது அந்த அறையில் வியர்த்தது. டார்லீன் தன் பூந்தொட்டிகளையெல்லாம் கொண்டுவந்து அங்கே வைத்துக்கொண்டாள்.

ஒரே வருடத்தில் குழந்தை கைக்கு வந்துவிடும் என்று தத்து நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். அது இரண்டானது, நாலானது. காகிதங்களுக்கு வயதாகிக் காலாவதியாயின, மறுபடி எடுத்தார்கள். சுருள் மருந்தில் ஊறி ஊறி கோராவின் விரல்களில் ரேகையே தேய்ந்திருந்ததால் மனுவோடு அனுப்பிய கைரேகை ஒவ்வொரு முறையும் தெளிவில்லை என்று திரும்பி வந்தது. அவளும் சலிக்காமல் கடையை மூடிவிட்டு நகரத்துக்குப் போய் மறுபடி விரலை நீட்டினாள். வீட்டைச் சோதிக்க வருடந்தோறும் நிறுவனத்திலிருந்து பெல்லமி அம்மாள் வருவார். பகல் இரண்டு மணிக்கு இருட்டில் நின்று, மழைச் சாரல் முகத்தில் அடிக்க, ஜன்னலின் அகலத்தை அளந்துவிட்டு, அறை காற்றோட்டமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். தொட்டில் போய்க் கட்டில் வந்தது. மேலே அழுகையும் வளர்ந்து, நடுநடுவே வார்த்தைகள் வந்தன. கோராவுக்கு அதில் ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கூட மனுப் போட்டவர்களில் எத்தனையோ பேர் விட்டுவிட்டுப் போனார்கள். அவளோ அந்த அக்டோபருக்குப் பிறகு ஒருநாள், ஒரே ஒருநாள்கூட அந்தப் படியேறாமல் இருந்ததில்லை. நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆறாம் வருடம் வசந்தத்தில் நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஷூயுன் என்று ஒரு பெண், ஐந்து வயதாகப் போகிறது, இடது காது மூடியபடியே பிறந்தவள். ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும். மறுத்தால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். படம் வந்தது. அவள் வளர்ந்த ஊரைப் பற்றிய இரண்டு வரியும் கூட வந்தது: மண்மேட்டுப் பிரதேசம், வருடத்தில் மழை என்பதே அபூர்வம். கோரா சாப்பாட்டு மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இது நம்ம பொண்ணு இல்ல, ஆர்வித். மேல இருக்கிறவ ஊர்ல மழை விட்டதே இல்ல.”

“தெரியுது.”

“இவளுக்கு சரின்னு சொன்னா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

ஆர்வித் படத்தைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தான். “இவளுக்கும் அங்க ஒரு ஜன்னல் இருந்திருக்கும், கோரா. யாரும் வந்து பாடல. அவ்ளோதான் வித்தியாசம்.”

கோரா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சரி என்றாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போய், துரோகம் செய்துவிட்ட மாதிரி, வழக்கத்தைவிட அதிக நேரம் பாடினாள்.

பயண ஏற்பாடு தொடங்கியது. விசா, தடுப்பூசி, காப்பகத்துத் தாதிகளுக்குக் கையுறையும் சாக்லேட்டும், அளவு தெரியாமல் வாங்கிய மூன்று அளவுக் காலணிகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. ஆனால் கோராவை அரித்தது வேறு. அவள் இல்லாத நாட்களில் மாடிக்கு யார் போவது? இதைத் தேவாலயத்துப் பெண்கள் ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முடித்தார்கள். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்க முறை பிரித்துக்கொள்வது போலவே இதையும் பிரித்துக்கொண்டார்கள். கோரா பாட்டைச் சொல்லித்தர ஆரம்பித்தபோது டார்லீன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீ கிளம்புடி. ஆறு வருஷமா தலையை நனைச்சுக்கிட்டு அதைத்தானே கேக்குறோம்? நீ மறந்த வரிகூட எனக்குத் தெரியும்.”

கோராவும் ஆர்வித்தும் போய் ஷூயுனோடு திரும்பினார்கள். கட்டிலைத் தங்கள் அறைக்கே இறக்கிக்கொண்டார்கள், மாடியறை வேறொருத்தியுடையது என்பதால். ஷூயுன் அழவில்லை, பேசவுமில்லை. கொடுத்ததைத் தின்றாள், கடை மூலையில் உட்கார்ந்து உதிர்ந்த முடியைப் பார்த்தபடி இருந்தாள். வாரங்கள் போயின. ஒரு மதியம் டார்லீன் தலையில் மருந்தும், கோரா கையில் கையுறையுமாக இருக்கையில் மேலே அழுகை கேட்டது. உறையைக் கழற்றுவதற்குள், ஒற்றைக் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த ஷூயுன் எழுந்து படியேறிவிட்டாள். பின்னாலேயே போன கோரா பாதிப் படியில் நின்றாள். அந்தச் சின்னப் பெண் அதட்டலாக, விடாமல், அந்த வீட்டில் முதன்முறையாக வாய்திறந்து பேசிக்கொண்டிருந்தாள். அழுகை சட்டென்று நின்றது. மழைக்குள்ளிருந்து ஒரு குரல் ஏதோ கேட்டது. இவள் பதில் சொன்னாள். அது மறுபடி கேட்டது.

மாலையில் பேருந்தை நிறுத்திவிட்டு வந்த ஆர்வித்திடம் நடந்ததைச் சொன்னதும், அவன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பெல்லமி அம்மாளைத் தொலைபேசியில் அழைத்து, இன்னொரு பிள்ளைக்கு மனுவை முதலிலிருந்து போடுவதென்றால் எப்போது வருவீர்கள் என்று கேட்டான். கோரா மறுபடி நகரத்துக்குப் போய் விரலை நீட்டினாள். வயது ஏறிவிட்டது, இந்த முறை இன்னும் கஷ்டம் என்றார்கள். கேட்டுக்கொண்டாள். மழைக்குள் இருக்கும் அந்தப் பிள்ளைதான் வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஷூயுன் மதியங்களில் மாடிக்குப் போய்வந்தாள். ஊர்ப்பாஷை பழகி, டார்லீனுக்கே பதிலடி கொடுக்கும் அளவுக்கு வாய் வளர்ந்தது. ஒருநாள் ஷூயுனின் தலையைக் கழுவிவிட்டபடி கோரா, நீண்ட நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டாள். அன்றைக்கு முதன்முதலாக மேலே இருக்கிறவளிடம் என்ன சொன்னாய்?

ஷூயுன் நுரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

“அழாத, இவங்க ரொம்ப மெதுவா வருவாங்க, ஆனா வந்துடுவாங்கன்னு சொன்னேன்.”

கோரா தண்ணீரைத் திறந்து அவள் தலையை அலசினாள். மேலே மழை பெய்துகொண்டிருந்தது.